புறவாசல் தேயிலை

குழல்வாய்மொழி சுவருக்கு மேலாகக் கையை நீட்டி, இலையில் பொதிந்த ஒரு பொட்டலத்தை என்னிடம் கொடுத்தாள். இலை ஈரமாக இருந்தது. பிரித்துப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில், கோலிக்குண்டு அளவில், பதினோரு கொட்டைகள்.

"இது என்னட்டி, புன்னைக்கொட்டையா?"

"புன்னைக்கொட்டையாம்! தேயிலை விதைட்டி. எங்கப்பாகிட்ட கெஞ்சி வாங்கியாந்திருக்கேன். உங்க வீட்டுல மூணு நேரமும் தேயிலைத் தண்ணி குடிக்கீங்க. அது மரத்துல காய்க்குதா மண்ணுக்குள்ள விளையுதான்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாதுதான். டப்பாவுக்குள் கறுப்பாக இருக்கும் தூள்தான் எனக்குத் தெரிந்த தேயிலை.

அது ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசி மாதம். குழலியின் அப்பா செங்கோட்டைக்கு அப்பால் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாற்றுப் பண்ணைக்கு மேஸ்திரி. அவள் தென்காசியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். அவளுடைய அத்தை வீட்டுப் புறவாசலும் எங்கள் வீட்டுப் புறவாசலும் ஒரே சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். ஏழாம் வகுப்பு வரைக்கும் நானும் அவளும் ஒரே பெஞ்சு. அந்த வருஷம் ஆடியில் நான் பெரியவளானேன். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை. ஏன் வரவில்லை என்று பள்ளிக்கூடம் கேட்கவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று நானும் கேட்கவில்லை. தீபாவளி லீவுக்கு மலைக்குப் போய்வந்தவள், துணி துவைக்கும் கல்லின்மேல் ஏறி நின்று, தலையை மட்டும் சுவருக்கு மேலே காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"தண்ணியிலே போடு. மிதக்குறதைத் தூரப் போட்டுரு. முங்குறதை மட்டும் ஊனு. இங்கன ஒரு கண்ணு இருக்கு பாரு, அது பக்கவாட்டுல இருக்கணும். வெயில் ஆகாது. நிழலுல வையி. நிழலுன்னு சொல்லி இருட்டுக்குள்ள வச்சிராத, உன்னை மாதிரி வெளுத்துப் போயிரும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நாலு மாதத்தில் நான் வெளுத்துத்தான் போயிருந்தேன்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. தெருவை ஒட்டிய முன்கட்டில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் வாப்பாவும் ஒன்றில் என் அண்ணன் பரீது காக்காவும் கைலி நெய்வார்கள். நூல் கொண்டு வருகிறவர்கள், துணி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் உட்காருவார்கள் என்பதால் நான் அந்தப் பக்கம் போகக் கூடாது. அடுத்தது நடுவறை. அப்புறம் அடுப்படி. அடுப்படிக் கதவைத் திறந்தால் புறவாசல். ஒரு கிணறு, ஒரு துவைகல், ஒரு முருங்கை, ஓலை மறைத்த குளிக்குமிடம். வீட்டில் எனக்கு வானம் இருந்த இடம் அது ஒன்றுதான். குத்தாலத்துச் சாரல் காற்றில் பறந்து வந்து தென்காசியில் விழும்போது, மற்றவர்கள் உள்ளே ஓடுவார்கள். நான் வெளியே ஓடுவேன்.

கொட்டைகளைத் தண்ணீரில் போட்டேன். ஐந்து மிதந்தன. ஆறு முங்கின. வாயுடைந்த மூன்று பானைகளில் இரண்டிரண்டாக ஊன்றி முருங்கைக்கு அடியில் வைத்தேன்.

கார்த்திகை போயிற்று. மார்கழி போயிற்று. பானைகளில் ஒன்றும் வரவில்லை. தினமும் காலையில் குனிந்து பார்ப்பேன். உம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் சொன்னாள், "கல்லை ஊனி வச்சிட்டுத் தண்ணி ஊத்துதா. இது முளைச்சா நான் மொட்டை போட்டுக்கிடுதேன்."

தெருவில் எல்லார் வீட்டுக்கும் உரிமையோடு வருகிறவர் ஹாஜரா பீவி மாமி. அவரும் சேர்ந்துகொண்டார். "ஏட்டி நூரு, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து பொண்ணுக்கு என்ன தெரியும்னு கேட்டா, கொட்டைக்குத் தண்ணி ஊத்தத் தெரியும்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க மாமி" என்று சொல்ல ஆசை. தலையைக் குனிந்துகொண்டேன். மற்றவர்கள் பேசினால் எனக்குப் பதில் உடனே வந்துவிடும். ஆனால் வாய்வரை வருவதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

பொறுக்காமல் ஒரு பானையில் விரலை விட்டுத் தோண்டினேன். கொட்டை வெடித்து, வெள்ளையாக ஒரு வேர் கீழ்நோக்கி இறங்கியிருந்தது. பயத்தில் திரும்பப் புதைக்கும்போது வேர் முறிந்தது. அந்த மண்ணை மூடிவிட்டு நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மேலே ஒன்றும் தெரியாத நாட்களிலெல்லாம் அது கீழே வேலை செய்துகொண்டு இருந்திருக்கிறது.

தை மாதத்தில் மூன்று முளைத்தன. சிவந்த தண்டு, பளபளவென்று இரண்டு இலை. ஒன்றைக் கோழி கிளறிவிட்டது. மிச்சம் இரண்டு. உம்மா மொட்டை போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து கோழியைக் கூடையால் மூடினாள்.

குழலி வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் சுவரில் தலையைக் காட்டினாள். அவள் சொல்லித்தான் அடுத்த மழைக்கு பானையை உடைத்து இரண்டையும் மண்ணோடு தரையில் வைத்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். அது ஊற்றினால் இலை மஞ்சளாகிறது என்று கண்டுபிடித்ததும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினேன். வருஷத்துக்கு ஒருமுறை சாரலுக்குத் தெருப் பெண்களெல்லாம் கூண்டு வண்டி பூட்டிக் குத்தாலம் போவோம். திரும்பும்போது எல்லாரும் மங்குஸ்தான் பழமும் ரம்புட்டானும் வாங்கி மடியில் கட்டுவார்கள். நான் மரத்தடியில் மக்கிய இலைமண்ணை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டேன்.

"குத்தாலத்துல மண்ணு வாங்கின மவராசி நம்ம தெருவுலதான் இருக்கா" என்று மாமி வண்டி முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

ஐம்பத்தொன்பதில் குழலி எட்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் பாளையங்கோட்டைக்கு டீச்சர் டிரெயினிங் படிக்கப் போனாள். போவதற்கு முந்தினநாள் சுவரில் தலையை வைத்துக்கொண்டு, "கார்டு போடுதேன். நீயும் போடணும், என்ன?" என்றாள். சரி என்றேன்.

கார்டு வந்தது. வாப்பா பெயருக்குத்தான் வரும். முன்கட்டில் உட்கார்ந்து வாப்பா அதை உரக்கப் படிப்பார். "அன்புள்ள நூர்நிஷாவுக்கு, நலம், நலமறிய ஆவல். செடி எவ்வளவு உயரம்?" நூல்காரர் வரைக்கும் எல்லாருக்கும் கேட்கும். நடுவறைக் கதவுக்குப் பின்னால் நின்று நானும் கேட்பேன். பதில் எழுதினால் தபாலில் போட காக்காவிடம்தான் கொடுக்க வேண்டும். காக்கா படித்துப் பார்க்காமல் போட மாட்டான். படிக்கக் கூடாதது என்று என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்தாலும், நான் ஒருத்தியிடம் பேசுவதை இன்னொருவர் பார்ப்பது என்னால் தாங்க முடியாது. செடி முழங்கால் உயரம் என்று மனதிலேயே சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். மூன்று கார்டு வந்தது. அப்புறம் வரவில்லை. தப்பு அவளுடையது இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய அத்தை மட்டும் துணி துவைக்கும் சத்தம் கேட்கும். நான் இந்தப் பக்கம் செடியோடு இருப்பேன். செடியோடு பேசுகிற பழக்கமெல்லாம் எனக்கு இல்லை. அது வளர்வதைப் பார்ப்பேன். எத்தனை இலை புதிதாக வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு உள்ளே போவேன். சில நாள் அன்றைக்கு எனக்கு நடந்தது அவ்வளவுதான்.

அறுபத்தொன்று வைகாசியில் ஒருநாள், வாப்பாவுக்கும் காக்காவுக்கும் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். காக்காவுக்குக் கல்யாணம் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மதினி ஜன்னத் அடுப்படியில் இருந்தாள்.

"புறவாசல் சும்மாதானே கிடக்கு வாப்பா" என்றான் காக்கா. "முருங்கையை வெட்டிட்டா நாலு தறி தாராளமாப் போடலாம். வடகரையிலேருந்து கூலிக்கு நெய்ய ஆள் வருதேன்னு சொல்லுதான்."

"ஆளுக முன்கட்டு வழியாவா வருவாங்க?"

"பக்கத்துச் சந்துல ஒரு வாசல் விட்டுருவோம்."

"பொம்பளைங்க குளிக்க, கொள்ள?"

"அடுப்படியை ஒட்டிச் சின்னதா ஒரு அறை கட்டிக்கிடலாம். தண்ணியை ஆள் இறைச்சு உள்ள தருவான். அடுப்படிக் கதவை அடைச்சிட்டாப் போச்சு."

வாப்பா யோசித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். "ஆவணி பிறக்கட்டும்" என்றார்.

என் கையில் ரசக் கிண்ணம் இருந்தது. ஊற்றினேனா இல்லையா என்று நினைவில்லை. அடுப்படிக்கு வந்ததும் மதினி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன நூரு?" என்றாள். "ஒண்ணுமில்ல மதினி" என்றேன். கதவை அடைச்சிட்டாப் போச்சு. ஆண்கள் வேலை செய்கிற இடத்துக்கு நான் போக முடியாது. கதவு ஒருநாள் இரண்டு நாளுக்கு அடைபடப் போவதில்லை. எனக்குப் பதினேழு வயது. கல்யாணமாகிப் போகிற வரைக்கும் எனக்கு இருப்பது நடுவறையும் அடுப்படியும்தான். போகிற வீட்டில் புறவாசல் இருக்குமோ என்னவோ.

வாப்பாவிடம் சொல்ல வேண்டும். நான் வாப்பாவிடம் அதுவரை எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. பெருநாளைக்குப் பாவாடை என்ன நிறம் என்று கேட்டால்கூட, "எதுன்னாலும் சரி வாப்பா" என்பேன். கேட்காத பிள்ளை என்று அவருக்கு என்மேல் பிரியம்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வாப்பாவுக்குத் தேயிலைத் தண்ணி என்றால் உயிர். தறியில் உட்கார்ந்தபடியே வாங்கி, முதல் மடக்கைக் குடித்ததும் கண்ணை மூடுவார். இந்தப் புறவாசலில் விளைந்த தேயிலையை அவர் ஒருதரம் குடித்துவிட்டால், அது சும்மா கிடக்கிற இடம் என்று நினைக்க மாட்டார். நான் சொல்ல முடியாததை அந்த டம்ளர் சொல்லிவிடும்.

இலையைத் தூளாக்குவது எப்படி? எங்களுக்குத் தெரிந்தது நெல்தான். "நெல்லு மாதிரி அவிச்சுக் காயப் போடு" என்றாள் உம்மா. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவிக்காத எதைக் காயவைத்து நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம்? இரண்டு கை இலையைப் பறித்து, புழுங்கலுக்கு அவிப்பதுபோல ஆவி வரும்வரை அவித்து, சுளகில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். கறுக்கவே இல்லை. காய்ந்த கீரைபோலப் பச்சையாகவே இருந்தது. பாலில் போட்டுக் கொதிக்கவைத்து, சீனி போட்டு, உம்மாவிடம் கொடுத்து அனுப்பினேன்.

வாப்பாவின் குரல் முன்கட்டிலிருந்து கேட்டது. "யாருக்குக் காய்ச்சல்? இது என்ன கசாயம்?"

காக்கா ஒரு மடக்கு வாங்கிக் குடித்துவிட்டு, "முருங்கைக்கீரையில சீனி போட்டு வச்சிருக்காக" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். உம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வந்தாள். "நீ போட்டதுன்னு நான் சொல்லலட்டி" என்றாள். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டு, சுளகைக் கழுவப் போனேன்.

ஆனி கடைசியில் சாரல் பிடித்தது. குழலியின் அத்தை துவைகல்லிலிருந்து சத்தம் போட்டு உம்மாவிடம் சொன்னாள். டிரெயினிங் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையெல்லாம் சனிக்கிழமை குத்தாலத்துக்குக் கூட்டி வருகிறார்களாம், குழலியும் வருகிறாளாம். எங்கள் தெரு வண்டியும் சனிக்கிழமைதான் போவதாக இருந்தது. எனக்கு இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. அவளிடம் கேட்டால் தெரிந்துவிடும். கேட்கவும் வேண்டாம், இலையைக் காட்டினால் போதும், அவளே பேச ஆரம்பித்துவிடுவாள்.

சனிக்கிழமை புறப்படும்போது, இரண்டு இலையும் நடுவில் சுருண்ட மொட்டுமாக நாலைந்து கொழுந்தைக் கிள்ளிக் கைக்குள் வைத்துக்கொண்டேன். மேலே வெள்ளைத் துப்பட்டி. தலையிலிருந்து கால்வரை மூடி, பார்ப்பதற்கு ஒரு கண் இடம் மட்டும் விட்டுப் பிடித்துக்கொள்வோம். உம்மாவும் மதினியும் வரவில்லை. அன்று வண்டிக்குள் ஒன்பது பேர்.

பேரருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கத்தில் கூட்டம். நாங்கள் குளிக்க முறை வரட்டும் என்று பாறை ஓரமாக நின்றோம். அப்போது ஒரே நிறத் தாவணியில் பத்திருபது பெண்கள் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். அதில் குழலி. உயரமாகியிருந்தாள். இரட்டைச் சடை இல்லை, ஒற்றைச் சடை. எதற்கோ சிரித்து, பக்கத்திலிருந்தவளின் முதுகில் அடித்தாள். என் முதுகில் அப்படித்தான் அடிப்பாள்.

எங்களிடம் வந்து நின்றாள். இரண்டு கை தூரம்.

"மாமி, அங்கன பாசி வழுக்குமா?" என்று ஹாஜரா மாமியிடம் கேட்டாள்.

"வழுக்கும் தாயி. ஓரமா, கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் போ" என்றார் மாமி.

குழலி எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். என்னையும் பார்த்தாள். ஒன்பது வெள்ளைத் துப்பட்டிகளில் நான் ஒன்று. "ஏட்டி" என்று ஒரு சொல் போதும். அவ்வளவுதான் வேண்டியது. வாய்வரை வந்தது. அருவிச் சத்தத்தில் கேட்காமல் போய்விடுமோ, கேட்டு எல்லாரும் திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்று நினைத்தேன். அதற்குள் அவளுடைய கூட்டத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, ஓடிவிட்டாள்.

"நல்ல பிள்ளை. யாரு பெத்ததோ" என்றார் மாமி.

நான் அருவியில் நனைந்தேன். தண்ணீருக்குள் நின்றால் அழுகிறோமா இல்லையா என்று நமக்கே தெரியாது. அன்று இலைமண் அள்ளவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வண்டி தென்காசி மொட்டைக் கோபுரம் தெரிகிற வளைவுக்கு வந்தபோதுதான் என் கை இன்னும் மூடியே இருப்பதைக் கவனித்தேன். திறந்தேன். கொழுந்துகள் நசுங்கிப் பிசுபிசுத்து, செம்புநிறமாகக் கறுத்திருந்தன. தூரப் போடலாம் என்று கையைத் தூக்கியபோது ஒரு வாசனை வந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். வாப்பாவின் தேயிலை டப்பாவைத் திறந்தால் வருகிற வாசனை, கொஞ்சம் ஈரமாக.

அவிக்கக் கூடாது. நசுக்க வேண்டும். நசுக்கிவிட்டுச் சும்மா விட வேண்டும்.

மறுநாள் இரண்டு கை கொழுந்து பறித்தேன். சுளகில் பரப்பி வாடவிட்டேன். வாடியதை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, சாறு கசியும்வரை உருட்டினேன். ஈரத்துணியால் மூடி, வண்டியில் கை மூடியிருந்த நேரம்போல இரண்டு மூன்று மணி நேரம் வைத்தேன். பச்சை போய்ச் சிவந்து வந்தது. இரும்புச் சட்டியில், மெல்லிய தீயில், கருகாமல் வறுத்து எடுத்தேன். சுருண்டு கறுத்த தூள் ஒரு சின்னக் கிண்ணத்தில் பாதிதான் தேறியது.

யாரிடமும் சொல்லாமல் வாப்பாவின் டம்ளரில் ஊற்றி உம்மாவிடம் கொடுத்தேன். நடுவறைக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன். தறிச் சத்தம் நின்றது. குடிக்கிறார்.

"தேயிலை எங்க வாங்கினது?"

"உங்க மக புறவாசல்ல விளைஞ்சது" என்றாள் உம்மா.

"நூரு, இங்கன வா."

முன்கட்டில் வேறு யாரும் இல்லை. போனேன். வாப்பா தறிக் குழியிலிருந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். டம்ளரில் அடிமட்டத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதை வீணாக்காமல் குடித்துவிட்டு வைத்தார்.

"நாலு வருசமா அந்தச் செடியைக் காத்தியாம்மா? நான் எதையும் கவனிக்கல. உனக்கு என்ன வேணும், சொல்லு. எதுன்னாலும் சொல்லு."

இதுதான் அந்த நேரம். எதற்காக டம்ளரைக் கொடுத்து அனுப்பினேனோ அது வந்துவிட்டது. புறவாசல் எனக்கு வேண்டும், கதவை அடைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். அது பெரிய சொல்லாகத் தெரிந்தது. வீட்டுக்கு வருகிற நாலு தறியை ஒரு பெண் வேண்டாம் என்பதாகத் தெரிந்தது.

"அந்தச் செடியை வெட்ட வேண்டாம் வாப்பா" என்றேன்.

வாப்பா சிரித்துவிட்டார். "இவ்வளவுதானா? இதைச் சொல்லவா இப்படி வேர்த்து நிக்கே? பரீது! ஏலே பரீது! அந்தத் தேயிலைச் செடி ரெண்டையும் தொடக் கூடாது. நாலு தறி வேண்டாம், மூணு போதும். செடியைச் சுத்தி வேலி கட்டு."

காக்கா முனகிக்கொண்டே சரி என்றான். நான் செடியைக் கேட்டேன். செடி கிடைத்தது.

ஆவணியில் முருங்கையை வெட்டினார்கள். கொட்டகை எழும்பியது. சந்துப் பக்கம் வாசல் விட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலை, காக்கா அடுப்படிக் கதவைச் சாத்தி, மேலே ஒரு கொண்டி போட்டான். பலகைகளுக்கு நடுவே விரல்கூட நுழையாத ஒரு இடுக்கு. அதில் கண்ணை வைத்தால் கொட்டகையின் ஓலையும், ஒரு தூணும் தெரியும். செடி தெரியாது.

அப்புறம் நான் கேட்டது சத்தங்களைத்தான். தறியில் நாடா குறுக்கே ஓடுகிற சத்தம், மிதிகட்டை சத்தம். மாடன் என்கிற வடகரைக்காரர் வேலைக்கு வந்திருந்தார். வயதானவர். இடைவிடாமல் பேசுவார். "அண்ணாச்சி, இந்த இலையைப் பச்சையாத் தின்னா பல்லு விழுந்துருமாமே, நெசமா?" என்று கேட்பார். "உமக்கு விழுறதுக்கு எங்கவே பல்லு இருக்கு" என்று காக்கா சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள். வாப்பா வருகிறவர்களுக்கெல்லாம் செடியைக் காட்டுவார். "எம்மக போட்டது. தென்காசியிலே வேற எங்கயும் பார்க்க முடியாது." அதை நான் கதவுக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்பேன்.

வாரத்துக்கு ஒருமுறை வாப்பா துண்டில் இலை கொண்டுவந்து அடுப்படியில் கொட்டுவார். மாடன் பறித்தது. அவருக்குத் தெரிந்தது கீரை உருவுவதுதான். கம்பைப் பிடித்து ஒரே இழுப்பு. முற்றிய இலை, காம்பு, பூமொட்டு எல்லாம் சேர்ந்து வரும். அதையும் வாடவிட்டு, உருட்டி, வறுத்துக் கொடுத்தேன். முற்றல் இலை உருளாது. வாரத்துக்கு வாரம் தண்ணி மட்டமாகிக்கொண்டே வந்தது. கார்த்திகையில் ஒருநாள் வாப்பாவே டம்ளரோடு அடுப்படிக்கு வந்தார்.

"முன்ன மாதிரி இல்லையேம்மா. ஏன்?"

"ரெண்டு இலையும் ஒரு மொட்டும்தான் கிள்ளணும் வாப்பா. முத்தினதைத் தொடக் கூடாது. அப்படி உருவினா செடியும் போயிரும்."

"அப்படியா. மாடன்கிட்ட சொல்லுதேன்" என்று திரும்பினார்.

அவருடைய முதுகைப் பார்த்தேன். வாசல்படியில் ஒரு காலை வைத்துவிட்டார். அவ்வளவுதான், இன்னொரு கால் போய்விட்டால் இது முடிந்துவிடும் என்று தெரிந்தது.

"மாடனுக்குச் சொல்ல வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "நான் போகணும்."

"எங்க?"

"புறவாசலுக்கு."

"இலைக்குத்தானே? நான் வேணா..."

"இலைக்கு இல்ல வாப்பா. எனக்குத்தான். எனக்கு அங்க போகணும். எனக்கு அடுப்படிக்குள்ளயே இருக்க முடியல."

உம்மா அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். மதினி தலையைக் குனிந்து அம்மியில் இல்லாத தேங்காயை அரைத்தாள். வாப்பா கொண்டி போட்ட கதவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே. எதுன்னாலும் சொல்லுன்னுதானே சொன்னேன்."

"அன்னைக்கு வாய் வரல."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. கேட்டதே தப்போ என்று பயந்து, வாப்பாவுக்குச் சோறு வைக்க மதினியை அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நேரமானதும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டு சந்து வழியாகப் போகும் சத்தம் கேட்டது. வாப்பா வெள்ளைத் தொப்பியோடு அடுப்படிக்கு வந்து, எட்டிக் கொண்டியைத் தள்ளினார். மூன்று மாதத்தில் அது துருப்பிடித்திருந்தது. இரண்டுதரம் தட்ட வேண்டியிருந்தது.

"மாடனையும் சாப்பிட அனுப்பிட்டேன். சந்து வாசலை வெளியே பூட்டிக்கிட்டுப் போறேன். தொழுதுட்டு வர்ற வரைக்கும் யாரும் வர மாட்டாங்க" என்றார். "இனி வெள்ளிக்கிழமைதோறும்."

கதவைத் திறந்துவிட்டு, நான் வெளியே போவதைப் பார்க்க நிற்காமல் போய்விட்டார்.

வெளிச்சத்தில் கண் கூசியது. கொட்டகை முக்கால் புறவாசலை எடுத்துக்கொண்டிருந்தது. தறிகளில் பாதி நெய்த கைலிகள் அப்படியே நின்றன. முருங்கை இருந்த இடத்தில் நூல்கழிவும் பீடித்துண்டும் கிடந்தன. மூலையில் மூங்கில் வேலிக்குள் என் செடிகள். ஒரு பக்கம் முழுக்க உருவி எடுத்துக் குச்சியாக நின்றது. இன்னொரு பக்கத்தில் புதுக்கொழுந்து விட்டிருந்தது. நான் வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலே ஓலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு துண்டு வானம். அதில் மேகம் மேற்கிலிருந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பேசுவதற்கு யாரும் இல்லை. ஆனால் ஆட்கள் இருந்தும் என் பேச்சை யாரும் கேட்காத இடத்தில் இருப்பது வேறு, யாரும் இல்லாத இடத்தில் இருப்பது வேறு என்று அப்போது தோன்றியது.

பள்ளிவாசலில் ஓதும் சத்தம் நின்று, தெருமுனையில் ஆண்கள் பேசிக்கொண்டு வருவது கேட்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு கொழுந்துகூடக் கிள்ளவில்லை. கிள்ள வேண்டும் என்ற நினைவே வரவில்லை.

அன்று சாயங்காலம் வாப்பாவுக்குக் கடைத் தேயிலையைத்தான் போட்டுக் கொடுத்தேன். நடுவறைக் கதவருகே நானே கொண்டுபோய் நீட்டினேன். வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். கடைத் தேயிலை என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.